அப்பாவின் பெருந்தமனிக் கிழிசலும் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு வயது 41, என் தம்பிக்கு 36. எங்கள் அப்பா சென்ற ஆண்டு, தம் 64ஆவது வயதில் இறந்துபோனார். அதிகாலையில் தோட்டத்துக்கு மோட்டார் போடச் சென்றவர், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில் பொறுக்க முடியாத வலி என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அருகிலிருந்த மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் சற்றுக் கூடியிருப்பதாகவும் மாரடைப்பாக இருக்கலாம் என்றும் சொல்லி மருந்து கொடுத்தார்கள். வலி அடங்கவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்று சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான், இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குத் தயார் செய்யும்போதே உயிர் பிரிந்துவிட்டது. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த நோய் எங்களுக்கும் வருமோ என்ற பயத்தில் நானும் தம்பியும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். அதில் டி-டைமர் என்ற சோதனை இருந்தது. எனக்கு 0.82 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வேறொரு ஊரில் எடுத்த தம்பிக்கு 240 என்று வந்திருந்தும் இயல்பு என்கிறார்கள். எனக்கு ஆறு வாரம் முன்புதான் கர்ப்பப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. தம்பி அப்பாவைப் போலவே நெட்டை, ஆறடி இரண்டு அங்குலம். பள்ளிக் காலத்திலிருந்தே பவர் அதிகமான கண்ணாடி போடுகிறான். தினமும் ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறான். "எனக்கு ரிப்போர்ட் நார்மல், பயப்பட வேண்டியது நீதான்" என்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இதைவிட நல்ல இரத்தப் பரிசோதனை இருந்தால் சொல்லுங்கள், எந்த ஊராக இருந்தாலும் போய் எடுத்துக்கொள்கிறோம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் 0.82 என்ற எண்ணை வைத்துப் பெருந்தமனியைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 240 என்ற எண்ணை நம்பித் தம்பி சும்மா இருந்துவிடவும் கூடாது. உங்கள் இருவருக்கும் தேவைப்படுவது, ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ. அதிலும் தம்பிக்கு அது இந்த மாதத்துக்குள் தேவை. காரணத்தை அறிந்தால்தான் தம்பி உடன்படுவார் என்று தோன்றுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

பெருந்தமனி என்பது இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு, கழுத்தை நோக்கி மேலேறி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே கீழிறங்கி, தொப்புளுக்கு அருகே இரண்டு கால்களுக்குமாகப் பிரியும் இரத்தக்குழாய். புறப்படும் இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், வயிற்றில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், சுவரின் தடிப்போ சுமார் 2 மில்லிமீட்டர்தான். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் முறை இதயம் உந்தித் தள்ளும் இரத்தத்தின் விசை முழுவதையும் அந்தச் சுவர் வாங்கிக்கொள்கிறது. உள், நடு, வெளி என்று மூன்று அடுக்குகளாலான அச்சுவரில், ரப்பர் போல நீண்டு சுருங்கும் எலாஸ்டின் இழைகளும் தசைகளும் நடு அடுக்கில் இருக்கின்றன. அந்த நடு அடுக்கு நலிந்தால் குழாய் மெல்ல மெல்ல அகன்று வீங்கலாம். அதை அனியூரிசம் என்கிறோம். உள் அடுக்கில் கீறல் விழுந்தால், அதன் வழியே பாயும் இரத்தம் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு சுவருக்குள்ளேயே ஒரு பொய் வழியை உண்டாக்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது இந்தக் கிழிசல்தான்.

மார்பைத் திறந்து இதைப் பார்க்கும் அறுவை மருத்துவன் நான். நலமாக இருக்கும் பெருந்தமனி வெளிறிய மஞ்சள் நிறத்தில், தொட்டால் திண்ணென்று இருக்கும். கிழிந்த பெருந்தமனி நாவற்பழ நிறத்தில் உப்பி நிற்கும், உள்ளே இரத்தம் சுழல்வது மெல்லிய வெளி அடுக்கின் ஊடே தெரியும், தையல் போட்டால் ஊறிய அப்பளம் போல நூலோடு கிழிந்து வரும். அதனால்தான் டெஃப்லான் பட்டைகளை இரு புறமும் வைத்து, அவற்றோடு சேர்த்துத் தைக்கிறோம். இதயத்தை ஒட்டிய பகுதியில் ஏற்படும் கிழிசலைச் சிகிச்சையின்றி விட்டால், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற வீதத்தில் உயிரிழக்கிறார்கள் என்பது நெடுங்கால அனுபவக் கணக்கு. அப்படிப்பட்ட நோயை ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டுபிடிக்க முடிந்தால் எத்தனை உயிர்களைக் காக்கலாம் என்று உங்களைப் போலவே மருத்துவ உலகமும் முப்பது ஆண்டுகளாக ஏங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேடலில் இன்றுவரை நடைமுறைக்கு வந்து நிலைத்திருப்பது டி-டைமர் ஒன்றுதான். உடலில் எங்கேனும் இரத்தம் உறைந்தால் ஃபைப்ரின் என்னும் வலை உருவாகும். வேலை முடிந்ததும் உடலே அந்த வலையை அறுத்துக் கரைக்கும். அறுந்த துண்டுகளில் ஒன்றின் பெயர்தான் டி-டைமர். பெருந்தமனி கிழியும்போது, பொய் வழிக்குள் புகுந்த இரத்தம் பச்சைப் புண்ணான சுவரைத் தொட்டு உறைகிறது, கரைகிறது, மீண்டும் உறைகிறது. ஆகவே டி-டைமர் விரைவாக ஏறுகிறது. ஆனால் காலில் இரத்தக்கட்டி, நுரையீரலில் அடைப்பு, நிமோனியா, டெங்கு, புற்றுநோய், கர்ப்பம், பெரிய அறுவைச் சிகிச்சை, ஏன் வெறும் முதுமை ஆகிய எல்லாவற்றிலும் இதே துண்டுதான் ஏறுகிறது. எங்கோ இரத்தம் உறைந்து கரைந்திருக்கிறது என்பதற்கு மேல், எந்த இடத்தில் என்பதைச் சொல்லும் அடையாளம் எதுவும் அந்தத் துண்டில் கிடையாது.

இப்போது உங்கள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்ணுக்கு அருகே சிறிய எழுத்தில் அலகு அச்சாகியிருக்கும்; பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. உங்கள் தாளில் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் எஃப்இயூ என்றும் இருக்கும். 0.82 மில்லிகிராம் என்பது மில்லிலிட்டருக்கு 820 நானோகிராமுக்குச் சமம். அந்த அலகில் 500 வரை இயல்பு என்பது வழக்கமான வரம்பு. தம்பியின் தாளில் நானோகிராம் என்று போட்டு, டிடியூ என்று எழுதி, 250 வரை இயல்பு என்று குறித்திருப்பார்கள். டிடியூ அலகில் உள்ள எண்ணை ஏறத்தாழ இரண்டால் பெருக்கினால்தான் எஃப்இயூ ஆகும். ஆக, அவருடைய 240 உங்கள் அளவுகோலில் 480 போல வரும், வரம்பை ஒட்டிக் கீழே நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே சோதனையை இரண்டு ஆய்வகங்கள் இப்படி இரண்டு மொழியில் எழுதுவது மருத்துவர்களையே தடுமாற வைக்கும் செய்தி. உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை.

உங்களுக்கு 820 ஏறியிருப்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கர்ப்பப்பையை அகற்றிய காயம் ஆறும் வரையில், பல வாரங்களுக்கு டி-டைமர் கூடியே இருக்கலாம். ஒன்றை மட்டும் நான் கேட்டாக வேண்டும்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, படியேறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு வருகிறதா? வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலில் இரத்தக்கட்டி உருவாவது உண்டு. அப்படி ஏதேனும் இருந்தால் இன்றே உங்கள் மருத்துவரிடம் காட்டிக் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தச் சிவப்பு எண்ணை விட்டுவிடலாம். மறுபடி மறுபடி அதே சோதனையை எடுத்து அச்சத்தை வளர்த்துக்கொள்ள வேண்டாம். வலியே இல்லாத ஒருவருக்கு, பெருந்தமனி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக டி-டைமர் எடுப்பதில் பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கிழிசல் என்பது மேலை நாட்டுக் கணக்குகளின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு வரும் நோய். டி-டைமரோ பல காரணங்களால் ஏராளமானோருக்கு ஏறி நிற்பது. முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் இதைச் சேர்த்து விற்பது, நோயில்லாதவர்களை நடுங்க வைப்பதற்கும் நோயுள்ளவர்களைத் தூங்க வைப்பதற்கும்தான் உதவுகிறது. உங்கள் வீட்டிலேயே இரண்டும் நடந்திருக்கின்றன.

தம்பியின் கதைக்கு வருகிறேன். ஒருவருக்குப் பெருந்தமனி 5 சென்டிமீட்டர் அகன்று, நாளையோ மறுநாளோ கிழியும் நிலையில் இருந்தாலும், இன்று எடுக்கும் டி-டைமர் முற்றிலும் இயல்பாக இருக்க முடியும். ஏனென்றால் சுவர் இன்னும் கிழியவில்லை, இரத்தம் இன்னும் உறையவில்லை, கரைவதற்கு எதுவும் இல்லை. எலாஸ்டின் இழைகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக அறுந்து சுவர் நலிவதை எந்த வழக்கமான இரத்தப் பரிசோதனையும் காட்டுவதில்லை: கொழுப்பு, சர்க்கரை, ஈசிஜி, டிரெட்மில் எல்லாம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இது இருக்கலாம். அப்பாவுக்கு முந்தின வாரம் இதே திட்டத்தில் இரத்தம் எடுத்திருந்தாலும் பெரும்பாலும் இயல்பு என்றே வந்திருக்கும். இந்த ஒரு வாக்கியத்தைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

டி-டைமர் உண்மையில் உதவும் இடம் அவசரப் பிரிவு. வலி வந்து சில மணி நேரத்துக்குள், இது கிழிசலாக இருக்குமோ என்ற ஐயம் லேசாக எழும்போது, எல்லோருக்கும் சிடி எடுக்க முடியாத நிலையில், யாருக்கு எடுக்கத் தேவையில்லை என்று ஒதுக்குவதற்கு அது பயன்படுகிறது. அதற்கும் முன்னால் மருத்துவர் ஒரு கணக்குப் போட வேண்டும். மார்ஃபான் (உடலின் இணைப்புத் திசுவை நலிய வைக்கும் மரபு நோய்) போன்ற நோய், குடும்பத்தில் பெருந்தமனி நோய், ஏற்கெனவே தெரிந்த வீக்கம் அல்லது வால்வுக் கோளாறு போன்ற பின்னணி இருந்தால் ஒரு புள்ளி. வலி திடீரென்று, கடுமையாக, கிழிப்பது போல வந்திருந்தால் ஒரு புள்ளி. ஒரு கையில் நாடி குறைந்திருப்பது, இரு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபடுவது, வலியோடு கை கால் விழுந்துபோவது, புதிதாகக் கேட்கும் வால்வு முணுமுணுப்பு, அழுத்தம் சரிந்துபோவது போன்ற உடல் அடையாளம் தெரிந்தால் ஒரு புள்ளி. நான்கு நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில் 1,850 பேரிடம் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், இந்தப் புள்ளி ஒன்றோ பூச்சியமோ ஆக இருந்து டி-டைமரும் 500க்குக் கீழே இருந்த 924 பேரில், மூவருக்கு மட்டுமே நோய் தவறவிடப்பட்டது. ஆயிரத்துக்கு மூன்று என்பது நம்பத்தக்க பாதுகாப்பு.

புள்ளி இரண்டோ மூன்றோ ஆனால் கதை வேறு. அப்போது டி-டைமருக்காகக் காத்திருக்கக் கூடாது, இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோவை நேரே எடுக்க வேண்டும் என்பதே வழிகாட்டு நெறி. உங்கள் குடும்பத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா இந்த நோயில் இறந்தார் என்பதாலேயே உங்களுக்கும் தம்பிக்கும் ஒரு புள்ளி ஏறிவிட்டது. என்றேனும் திடீரென்று கடும் வலி வந்தால் அது இரண்டாவது புள்ளி. ஆகவே மற்றவர்களுக்கு நோயை ஒதுக்கித் தள்ள உதவும் அதே சோதனை, உங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் உதவாது. டி-டைமர் நார்மல், வாயுவாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்று எவரேனும் சொன்னால், அப்பாவின் நோயைச் சொல்லி ஸ்கேன் கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

இயல்பான டி-டைமரோடு இந்த நோய் வருவதை நானே கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், ஐம்பதைக் கடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் மார்பு வலியோடு வந்தார். ஈசிஜி சரியாக இருந்தது, ட்ரோபோனின் இல்லை, டி-டைமர் 410. காலையில் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலையில், பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் மட்டும், மார்பில் தொடங்கிய வலி முதுகுக்கு இறங்கி இப்போது வயிற்றில் நிற்கிறது என்று நோயாளி சொன்னதை மறக்காமல் என்னை எழுப்பினார். சிடியில் பொய் வழி இல்லை; பெருந்தமனிச் சுவருக்குள் மூன்றாம் பிறை போல வெண்மையாக ஓர் இரத்தக் கட்டு. உள் அடுக்கில் வாய் திறக்காமல் சுவருக்குள்ளேயே இரத்தம் கசிந்து நிற்கும் இந்த வகையிலும், கிழிசலின் நீளம் குறைவாக இருப்பவர்களிடமும், பொய் வழி முழுவதும் உறைந்து மூடிக்கொண்டவர்களிடமும் டி-டைமர் ஏறாமல் போகலாம். அந்த ஓட்டுநர் இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டு போகிறார். அவரைக் காப்பாற்றியது நோயாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவருடைய பொறுமை.

அப்பாவுக்கு ட்ரோபோனின் கூடியிருந்தது பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ட்ரோபோனின் இதயத் தசையிலிருந்து கசியும் புரதம். கிழிசல் இதயத்துக்கு இரத்தம் தரும் குழாய்களின் வாயைத் தொட்டாலோ, அழுத்தம் சரிந்து இதயம் தவித்தாலோ அது உயரும். ஆகவே ட்ரோபோனின் கூடியதால் மாரடைப்புதான் என்று சொல்ல முடியாது. கூடாததால் கிழிசல் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கிழிசல் பதிவேட்டின் முதல் 464 நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பேர் வலி திடீரென்று வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாடிக் குறைவு என்னும் பாடநூல் அடையாளம் நூற்றுக்கு 15 பேரிடம் மட்டுமே இருந்தது. மாரடைப்பு அன்றாடம் பார்க்கும் நோய், கிழிசல் எப்போதோ பார்ப்பது. அந்த முதல் மருத்துவரின் இடத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் போதிய விவரம் இல்லை. ஆனால் பொதுவாக ஒன்றை வலியுறுத்துவேன்: மாரடைப்பு என்று எண்ணி உறைவைக் கரைக்கும் ஊசி போடும் முன், இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு இரண்டே நிமிடம்தான் ஆகும், அதற்கு எந்த ஆய்வகமும் வேண்டாம். கிழிசலுக்கு அறுவைச் சிகிச்சை முறையை வகுத்த முன்னோடியான மைக்கேல் டிபேக்கிக்கே, 2005இன் கடைசி நாளில், தம் 97ஆவது வயதில் இதே நோய் வந்தது. மேல் மார்பிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் தொடங்கிய வலி கழுத்துக்கு ஏறியது. அவருக்கும் படமெடுத்துத்தான் நோயை உறுதி செய்தார்கள். அடுத்த ஆண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 2008 வரை வாழ்ந்தார்.

இதைவிட நல்ல இரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வதானால், தேடல் நடக்கிறது, கையில் இன்னும் வரவில்லை. மாரடைப்புக்கு ட்ரோபோனின் போல, பெருந்தமனியின் சுவரிலிருந்தே கசியும் புரதம் ஒன்று கிடைத்தால் இடத்தையும் சேர்த்துச் சொல்லுமே என்ற எண்ணத்தில், ஜப்பானிய மருத்துவர் டோரு சுசுகியும் அவருடைய குழுவினரும் நடு அடுக்கின் தசையில் உள்ள மயோசின் புரதத்தை அளந்து பார்த்தார்கள். 2000இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வலி தொடங்கிய முதல் மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்களில் நூற்றுக்கு 90 பேரிடம் அது கூடியிருந்தது. கேட்கும்போதே மனம் நிறையும் முடிவுதான். ஆனால் அந்தப் புரதம் இரத்தத்தில் தங்கவில்லை; ஆறு மணி நேரம் கடந்து வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் மட்டுமே பிடிபட்டது. தோட்டத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து அருகிலுள்ள மருத்துவமனை, அங்கிருந்து நகரம் என்று மணிக்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும் நம் ஊர் நோயாளிக்கு, சில மணி நேரத்தில் மறைந்துவிடும் குறிப்பான், அதாவது நோயைக் காட்டும் பொருள், எவ்வளவு உதவும்? எலாஸ்டினின் உடைந்த துண்டுகள், சுவரை அரிக்கும் எம்எம்பி நொதிகள், கால்போனின், டெனாசின் என்னும் புரதங்கள் என்று பலவற்றை ஆராய்ந்துவிட்டார்கள். எஸ்டி2 என்ற புரதம் டி-டைமரையும் விஞ்சுகிறது என்று 2018இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு பெரும் நம்பிக்கை தந்தது. ஐரோப்பாவில் மீண்டும் சோதித்தபோது அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் நன்றாக வேலை செய்வதும், எல்லா ஊர் அவசரப் பிரிவுகளிலும் வேலை செய்வதும் வேறு வேறு. ஆகவே புதிய குறிப்பான் என்ற பெயரில் எவரேனும் விலையுயர்ந்த சோதனையைப் பரிந்துரைத்தால் பணத்தைச் செலவிடாதீர்கள்.

பெருந்தமனியின் வேறு சில நோய்களில் இரத்தம் நிறையவே பேசும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகயாசு விவரித்ததால் அவர் பெயரையே தாங்கி நிற்கும் தமனி அழற்சி, ஆசிய நாடுகளில் இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. கை நாடியே கிடைக்காமல் போகும். அதில் இஎஸ்ஆர், சிஆர்பி என்னும் இரத்தப் பரிசோதனைகள் அழற்சியின் வேகத்தைக் காட்டும், ஆனாலும் அவை இயல்பாக இருக்கும்போதே நோய் உள்ளுக்குள் வளர்வதும் உண்டு. சிபிலிஸ் பெருந்தமனியைத் தாக்கியிருந்தால் அதற்கென்று இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அப்பாவின் நோய்க்கும் இவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

உங்கள் குடும்பத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டென்றால், அது மரபணுச் சோதனை. மார்பிலுள்ள பெருந்தமனியின் வீக்கமோ கிழிசலோ வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நெருங்கிய இரத்த உறவில் மற்றொருவருக்கும் அது இருக்கிறது. மார்ஃபான் நோய்க்குக் காரணமான எஃப்பிஎன்1 மரபணு 1991இல் அடையாளம் காணப்பட்டது. அதன் பிறகு இன்னும் பல மரபணுக்கள் தெரியவந்துள்ளன. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆனால் இந்தச் சோதனையை நோய் உள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும். அப்பா இல்லாத நிலையில், நோயின் சாயல் மிகுதியாக இருப்பவரிடம், அதாவது எக்கோவில் ஏதேனும் தெரிந்தால் தம்பியிடம், முதலில் எடுப்பதே முறை. அவரிடம் கெடுதல் விளைவிக்கும் மாற்றம் உறுதியானால், பிறகு நீங்களும் பிள்ளைகளும் அந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாதவர் நிம்மதியாக இருக்கலாம். அப்படித் தொடங்காமல் நீங்கள் மட்டும் போய் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தால் அதற்குப் பொருள் கிடையாது. என்னவென்று தீர்மானிக்க முடியாத மாற்றம் என்று வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். மரபணு ஆலோசகரைப் பார்த்த பிறகே செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்ததையும் மாத்திரை நின்றிருந்ததையும் பார்க்கும்போது, மரபுக் காரணம் எதுவும் இல்லாமலேயே கிழிந்திருக்கவும் கூடும். கிழிசல் வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களே.

ஆனாலும் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது என்னைக் கவலைப்பட வைக்கிறது. நெடிய உடல்வாகு, சிறு வயதிலேயே அதிக பவர் கண்ணாடி, அதே போன்ற உயரமுள்ள தந்தைக்குப் பெருந்தமனிக் கிழிசல்: இவை சேர்ந்து வந்தால் மார்ஃபானை நினைக்காமல் இருக்க முடியாது. வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். தம்பி ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கட்டும். கட்டைவிரல், சுண்டுவிரலின் நகம் முழுவதையும் மூடும்படி மேலே படிகிறதா? கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி விரல்களால் மூடினால், அதன் நக நுனி முழுவதும் மறுபுறம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதா? இரண்டும் இருந்தால் நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, இல்லையென்றால் நோயில்லை என்றும் ஆகாது. ஆனால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் போய், பாவையை விரிய வைத்து, விழி லென்ஸ் இடம் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்கோவுக்குப் போகும்போது வெறுமனே ஹார்ட் செக்கப் என்று சொல்லாமல், பெருந்தமனி இதயத்திலிருந்து புறப்படும் வேர்ப் பகுதியையும் அதன் ஏறும் பகுதியையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள்; இல்லையென்றால் இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். எக்கோவில் தெளிவாகத் தெரியாத பகுதிகளுக்கும், சந்தேகம் எழுந்தால் முழுக் குழாய்க்கும், சிடி அல்லது எம்ஆர்ஐ தேவைப்படும். அளவு இயல்பாக இருந்தால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை இதய மருத்துவர் சொல்வார். அகன்றிருந்தால் அழுத்தத்தையும் துடிப்பின் விசையையும் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பொதுவாக 5 முதல் 5.5 சென்டிமீட்டரை நெருங்கும்போது, மார்ஃபான் போன்ற நோய் இருந்தால் அதற்கும் முன்பே, கிழிவதற்குக் காத்திராமல் அந்தப் பகுதியை மாற்றிவிடுகிறோம். திட்டமிட்டுச் செய்யும் அந்த அறுவைச் சிகிச்சைக்கும், நள்ளிரவில் ஊறிய அப்பளத்தைத் தைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சொற்களில் சொல்லி முடிக்க இயலாது.

எக்கோ முடியும் வரை தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு அதிக எடை தூக்குவதை நிறுத்தட்டும். நடக்கலாம், மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம். புகைப் பழக்கம் இருந்தால் இன்றோடு விட வேண்டும். இருவரும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்துக் கடையில் எளிதாக வாங்கிச் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசின், ஒஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவற்றை, பெருந்தமனி நோய்க்கு வாய்ப்புள்ளவர்கள் வேறு வழி இருக்கும்வரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. அப்பாவின் உடன்பிறந்தவர்களான பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோருக்கும் எக்கோ தேவை. குடும்பத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார், ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார் என்று சொல்லப்படும் சிறு வயது மரணங்கள் உண்டா என்று பாட்டியிடமோ பெரியவர்களிடமோ கேட்டு, பெயரும் வயதும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

உங்களில் யாருக்கேனும் மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று கடும் வலி வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்து, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, "எங்கள் அப்பா பெருந்தமனிக் கிழிசலில் இறந்தார்" என்று சொல்லுங்கள். மருத்துவர்களுக்கு உடனே புரியும்படி அயோர்ட்டிக் டிசெக்‌ஷன் என்ற பெயரையும் ஒரு தாளில் எழுதி, அப்பாவின் சிடி அறிக்கையின் நகலோடு இருவரும் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் எக்கோ வந்ததும் வேர்ப் பகுதியின் அளவு, அவருடைய உயரம், எடை மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்த உயரத்துக்கு அந்த அளவு சரியா என்று பார்த்துப் பதில் எழுதுகிறேன்.